சிடியா, எம்ஆர்ஐயா, அதற்கும் மேலா: மூளை ரத்தக்குழாய் நோய்க்கு எந்த ஸ்கேனை எப்போது எடுப்பது

"எம்ஆர்ஐயே எடுத்துருங்க சார், எவ்வளவு ஆனாலும் பாத்துக்கிடுதோம்." பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற எவருக்கும் இந்த வார்த்தை பழக்கம். வாய் கோணிய அப்பாவைக் காரின் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ ஓடி வந்த மகன் சொல்வது அது. பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் விலை கூடிய ஸ்கேன் என்பதாலேயே அது அந்த நேரத்துக்கு ஏற்ற ஸ்கேன் ஆகிவிடாது. சில நேரம் சாதாரண சிடியே ஆளைக் காப்பாற்றும். சில நேரம் சாதாரண எம்ஆர்ஐகூடப் போதாது. அதிலேயே தனியாகச் சில படங்களைக் கேட்டு எடுக்க வேண்டும்.

நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், மருத்துவர் இல்லை. ஸ்கேனை எழுதித் தருவது மருத்துவர் வேலை. ஆனால் எங்கே போவது, எதற்குச் செலவு செய்வது, எதற்குக் காத்திருப்பது என்பதெல்லாம் கடைசியில் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. அந்த முடிவுக்கு இது உதவட்டும். என் எண்ணம் இதுதான்: எந்த மெஷின் பெரியது என்று பார்க்காதீர்கள். நோய் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று, மருத்துவர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார், இந்த ரெண்டையும் பாருங்கள்.

முதல் நாலரை மணி நேரம்

இங்கே என் ஓட்டு சிடிக்கே.

பக்கவாதம் வருகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கும். மற்றவர்களுக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருக்கும். ஆளைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ரெண்டிலும் கை ஒரே மாதிரிதான் விழும், நாக்கு ஒரே மாதிரிதான் குழறும். அடைப்பு என்றால் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், ஆனால் நோய் தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு உள்ளவருக்கு அதே ஊசி எமன். ஆகவே மருத்துவருக்கு முதலில் வேண்டியது ஒரே ஒரு பதில்: ரத்தம் கசிந்திருக்கிறதா, இல்லையா? சிடி அதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "சிடி நார்மல்னு வந்துட்டு, ஒண்ணுமில்ல" என்று நிம்மதியாகி ஆளை வீட்டுக்கு அழைத்துப் போனவர்கள் உண்டு. கை விழுந்திருக்கிறது, சிடி நார்மல் என்றால் அது நிம்மதிக்கான சேதி அல்ல. அடைப்பால் வந்த பாதிப்பு முதல் சில மணி நேரத்தில் சிடியில் பெரும்பாலும் தெரியாது. 'கசிவு இல்லை, ஊசி போட வழி இருக்கிறது, சீக்கிரம்' என்றுதான் அந்த நார்மலைப் படிக்க வேண்டும்.

எம்ஆர்ஐ இதைவிடக் கூர்மையானது, மறுக்கவில்லை. அதில் டிஃப்யூஷன் என்று ஒரு படம் உண்டு. ரத்தம் நின்ற இடத்தில் மூளை அணுக்கள் வீங்கும், அவற்றைச் சுற்றியுள்ள நீர் நகர இடமில்லாமல் தடைபடும். அந்தத் தடையைத்தான் டிஃப்யூஷன் வெள்ளையாகக் காட்டுகிறது. அடைப்பு தொடங்கிய சில நிமிடங்களிலேயே தெரிய ஆரம்பிக்கும். அப்படியானால் நேரே அதையே எடுக்கலாமே என்றால், காந்த அறைக்குள் ஒருவரை அனுப்புவதற்கு முன் நடக்கிற வேலையைப் பார்க்க வேண்டும். ஆச்சியின் மெட்டியைக் கழற்ற வேண்டும். வருஷக்கணக்கில் கிடந்த மெட்டி வீங்கிய விரலை விட்டு வராது, சோப்பு போட்டு உருட்ட வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் வீட்டார் முதலில் ஒரு மஞ்சள் கயிற்றைத் தேடுவார்கள், அதைக் கழுத்தில் கட்டிய பிறகுதான் கொடி இறங்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும் உடம்பில் உலோகம் கிடந்தால் சூடேறும், படமும் கெடும். சேலை மடிப்பில் மறைந்திருக்கும் ஊக்கையோ காந்தம் அப்படியே பறித்துக்கொள்ளும். அரைஞாணில் தாயத்து. நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா, எந்த வகை? வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவரா, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் போயிற்றா? பேச்சு வராத நோயாளியிடம் இதையெல்லாம் யார் சொல்வது? பெரிய அடைப்பு வந்தவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. மெட்டி கழற்றுகிற நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆகவே விக்கிரமசிங்கபுரத்திலோ திசையன்விளையிலோ சங்கரன்கோவிலிலோ இருக்கிறவர் 108-ஐக் கூப்பிடும்போதே, சிடியும் கட்டி கரைக்கும் ஊசியும் ஒரே இடத்தில் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று கேட்க வேண்டும். எம்ஆர்ஐ எங்கே இருக்கிறது என்பது அப்புறம். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர அங்கிருந்தெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் தனியாக ஒரு ஸ்கேன் சென்டரில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு, படத்தோடு ஆஸ்பத்திரி தேடுவது மிகவும் கெடுதலான வழி. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெரிய குழாயே அடைத்திருக்கும் என்று மருத்துவர் சந்தேகித்தால், சிடி எடுத்த அதே மேசையிலேயே குழாய்கள் பளிச்சென்று தெரிய மருந்து ஏற்றி, அவற்றைக் காட்டும் சிடி ஆஞ்சியோவும் எடுத்துவிடலாம். தொடை வழியாக ஒயரை விட்டுக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு அனுப்பலாமா என்பதை அது சொல்லும். அந்தச் சிகிச்சை பலன் தரும் என்பது 2015இல் வெளிவந்த ஆய்வுகளில் உறுதியானது.

எம்ஆர்ஐ ஜெயிக்கும் ஒரு அவசரம்

ராத்திரி நன்றாகத்தான் சாப்பிட்டுப் படுத்தார், காலையில் எழுந்திருக்கும்போது கை கால் வரவில்லை. நோய் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக நன்றாக இருந்த நேரம் ராத்திரி பத்து மணி என்று எடுத்துக்கொண்டால் 4.5 மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. முன்பெல்லாம் இவர்களுக்கு ஊசி கிடையாது.

இங்கே எம்ஆர்ஐ கடிகாரத்தின் வேலையைச் செய்கிறது. டிஃப்யூஷனில் வெள்ளை சில நிமிடங்களில் வந்துவிடும். ஃபிளேர் என்கிற இன்னொரு படத்தில் அதே இடம் வெளுக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். டிஃப்யூஷனில் தெரிகிறது, ஃபிளேரில் இன்னும் தெரியவில்லை என்றால், தொடங்கி அதிக நேரம் ஆகவில்லை என்று பொருள். இப்படித் தேர்ந்தெடுத்து ஊசி போட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 2018இல் ஒரு ஐரோப்பிய ஆய்வு காட்டியது. தூக்கத்தில் வந்த வாதத்துக்கு, எம்ஆர்ஐ உடனே எடுக்க முடிகிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவதுதான் சரி.

பின்மூளையில் வரும் அடைப்பிலும் சிடி தடுமாறும். தலை சுற்றல், ரெட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது என்று வருகிறவர்களுக்கு எம்ஆர்ஐ மேல். ஆனால் ஒரு எச்சரிக்கை: மூளைத்தண்டில் சின்னதாக வரும் அடைப்பு முதல் ஒன்றிரண்டு நாள் டிஃப்யூஷனுக்கும் தப்பலாம். நோயாளி தள்ளாடுகிறார், படம் சுத்தம் என்றால், மருத்துவர் மறுபடி எடுக்கச் சொல்வது காசு பார்க்க அல்ல.

வந்து போன வாதம்

அரை மணி நேரம் பேச்சுக் குழறியது, அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது. "வாயுவா இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இப்படி வந்து போனதற்குப் பின்னால் முழு வாதம் வரும் ஆபத்து முதல் ரெண்டு நாளில்தான் உச்சம். எம்ஆர்ஐக்குச் செலவு செய்வது எங்கே மிகவும் பொருந்தும் என்று என்னைக் கேட்டால் இங்கே என்பேன். அறிகுறி போய்விட்டாலும் டிஃப்யூஷனில் ஒரு வெள்ளைப் புள்ளி மிச்சம் இருந்தால், அது சின்ன விஷயம் இல்லை என்று தெரிந்துவிடும். கழுத்திலும் தலையிலும் உள்ள குழாய்களையும் கூடவே பார்த்துவிட வேண்டும். அன்றைக்கே, தப்பினால் மறுநாள்.

குழாயின் உள்ளே பார்ப்பது

குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்க மூன்று வழி உண்டு. எம்ஆர்ஐயிலேயே எடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோவுக்கு மூளைப் பகுதியில் மருந்து ஏற்றத் தேவையில்லை, கதிர்வீச்சும் இல்லை. ஓடி வருகிற புது ரத்தம் பளிச்சென்று தெரியும், நிற்கிற திசு மங்கிவிடும். அதன் குறையும் அங்கேயேதான் இருக்கிறது. ரத்தம் மெதுவாக ஓடினாலோ சுழித்து ஓடினாலோ பளிச்சென்று வராது, பாதி அடைப்பை முழு அடைப்பு போலக் காட்டிவிடும். எனவே எம்ஆர் ஆஞ்சியோ நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் நம்பலாம்; கடுமையான அடைப்பு என்றால் இன்னொரு படத்தால் உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த இன்னொரு படம் பெரும்பாலும் சிடி ஆஞ்சியோ. அதற்கு அயோடின் மருந்து ஏறும், சிறுநீரகம் தாங்குமா என்று கிரியாட்டினின் பார்க்க வேண்டும், கதிர்வீச்சு உண்டு. ஆனால் வேகம், துல்லியம். சுண்ணாம்பு படிந்ததையும் காட்டும்.

டிஎஸ்ஏ என்பது தொடையிலோ மணிக்கட்டிலோ குழாயை விட்டு, மூளைக் குழாய்க்குள்ளேயே மருந்தைச் செலுத்தி எடுப்பது. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கி வைத்த முறையின் வாரிசு. இன்றும் இறுதித் தீர்ப்பு அதற்குத்தான். வாதம் போன்ற சிக்கல் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. சிகிச்சையே அந்த வழியாக நடக்கப் போகிறது, அல்லது மற்ற படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால்தான் அதற்கு ஒப்புக்கொள்ளலாம். "எதுக்கும் பாத்துருவோம்" என்று எடுக்கிற பரிசோதனை அல்ல.

சுவரைப் பார்ப்பது

மேலே சொன்ன மூன்றும் ரத்தம் ஓடும் பாதையைத்தான் காட்டுகின்றன. பாளையங்கால்வாயில் ஓர் இடத்தில் தண்ணீர் குறுகி ஓடுகிறது என்று வையுங்கள். உள்ளே மண் மேடிட்டதா, கரை சரிந்து விழுந்ததா, கரையே ஊறிப் பருத்ததா என்பது தண்ணீரை மட்டும் பார்த்தால் தெரியாது. கரையில் இறங்கிப் பார்க்க வேண்டும். நாளச் சுவர் எம்ஆர்ஐ செய்வது அதுதான். டெக்னீஷியன்கள் 'வெஸல் வால்' என்போம். ஓடும் ரத்தத்தைக் கறுப்பாக்கிவிட்டு, ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய சுவரைத் தனியாக எடுத்துக் காட்டுகிறோம். கடோலினியம் மருந்து போடுவதற்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். காந்தத்தின் பலத்தை டெஸ்லா என்ற அளவில் சொல்வோம். 1.5 டெஸ்லாவிலும் முயலலாம்; ஆனால் 3 டெஸ்லாவில்தான் நம்பிப் படிக்கும்படி வரும். நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும்.

இதில் என்ன தெரியும்? கொழுப்பு படிந்த அடைப்பு என்றால் சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கும். குழாய் அழற்சி என்றால் சுற்றிலும் சீராகத் தடித்து, மருந்தை உறிஞ்சி ஒளிரும். தற்காலிகமாகக் குழாய் இறுகிக்கொள்ளும் நோய் என்றால் சுவர் அனேகமாக ஒளிராது. மூன்று மாதத்துக்குள் தானே விரியும். சுவர் கிழிந்திருந்தால் உள்ளே புகுந்த ரத்தம் பிறை வடிவில் வெள்ளையாகத் தெரியும், அதுவும் முதல் ரெண்டு மூன்று நாள் கழித்துத்தான் நன்றாகத் தெரியும். சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுத்த பிறகு கழுத்து வலியும் தலைசுற்றலும் வருகிற இளைஞர்களுக்கு இந்தக் கிழிசலைத்தான் தேட வேண்டும். நம் சலூன்களில் இன்னும் அது நடக்கிறது. அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பிரித்து அறிவதால் என்ன லாபம் என்றால், சிகிச்சை அடியோடு மாறுகிறது. அழற்சிக்கு ஸ்டீராய்டு. இறுகிக்கொள்ளும் நோய்க்கு அதே ஸ்டீராய்டு கெடுதல் செய்யலாம். கொழுப்பு அடைப்புக்கு ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் ரெண்டு மாத்திரை சேர்த்து 90 நாள், கூடவே கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு. ஸ்டென்ட் வைத்துவிடலாமே என்று கேட்பார்கள்; தலைக்குள் இருக்கும் அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பதைவிட மருந்தே மேல் என்று 2011இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. தலைக்குள்ளேயே குழாய் சுருங்குவது மேல்நாட்டாரைவிட நம்மைப் போன்ற ஆசியர்களிடம் அதிகம். அதனால்தான் இந்தப் படம் நமக்கு முக்கியம்.

ஆனால் எல்லாருக்கும் வேண்டாம். எழுபத்தைந்து வயது, இருபது வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும், ரெண்டு மூன்று குழாயில் சுருக்கம் என்றால் காரணம் ஏறக்குறைய தெரிந்ததே. வெஸல் வால் எடுத்தாலும் மாத்திரை மாறாது. அந்தப் பணத்தை மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் வையுங்கள். ஐம்பது வயதுக்குக் கீழே, சர்க்கரை, பிரஷர், பீடி, சிகரெட் எதுவும் இல்லை, ஆனால் குழாய் சுருங்கியிருக்கிறது என்றால் கடன் வாங்கியாவது எடுங்கள்.

பிள்ளை பெற்ற பெண்ணின் தலைவலி

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகளில் கட்டி உறைவது நம் நாட்டில் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் பெண்களுக்கு வருகிறது. "பெத்த உடம்புக்குத் தண்ணி ஆகாது" என்று தாகத்தோடு படுக்கவைக்கிற வழக்கம் ரத்தத்தை இன்னும் கெட்டியாக்குகிறது. நாள்பட நாள்படக் கூடுகிற தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு. "முதுகுல ஊசி போட்டதால வந்த தலைவலி" என்று தள்ளிப்போடுவார்கள்.

சாதா சிடியில் இது தப்பிவிடலாம். தெரிந்தாலும் வெறும் ரத்தக் கசிவு போலத் தெரியலாம். அங்கேதான் ஆபத்து. சாதாரணக் கசிவுக்கு ரத்தத்தை இளக்கும் மருந்து கூடாது. சிரை உறைவால் வந்த கசிவுக்கோ ரத்தத்தை இளக்கும் ஹெப்பரின் கொடுத்தே ஆக வேண்டும். ஒரே மாதிரித் தெரியும் ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஆகவே எம்ஆர்ஐ, சிரைகளைக் காட்டும் எம்ஆர் வீனோகிராம், கூடவே ரத்தக் கசிவைக் கறுப்பாகக் காட்டும் எஸ்டபிள்யுஐ என்ற படம் மூன்றும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். வீனோகிராமிலும் ஒரு குழப்பம் உண்டு: பிறவியிலேயே பலருக்கு இடப்பக்கச் சிரை மெலிந்திருக்கும், அது அடைப்பு போலத் தோன்றும். சந்தேகம் வந்தால் மருந்து போட்டு எடுப்பார்கள். அதற்காகக் குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. எம்ஆர்ஐ கிடைக்கத் தாமதமானால் சிடி வீனோகிராமும் நல்ல மாற்றுத்தான்.

எஸ்டபிள்யுஐ தனியாகவும் உதவும். பழைய நுண்கசிவுகள் அதில் கறும்புள்ளிகளாகத் தெரியும். மூளையின் ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் பிரஷரின் வேலை. ஓரங்களில் மட்டும் என்றால் முதியவர்களுக்கு வரும், குழாய்ச் சுவரில் புரதம் படிகிற அமிலாய்டு நோயாக இருக்கலாம். ரத்தம் இளக்கும் மாத்திரையைத் தொடங்குவதா என்று மருத்துவர் யோசிக்கும்போது இது அவருக்கு வேண்டும். பெர்ஃபியூஷன் படம், செத்த பகுதி எது, இன்னும் தவித்துக்கொண்டிருக்கும் பகுதி எது என்று பிரிக்கும். 6 மணி நேரம் தாண்டி 24 மணி நேரத்துக்குள் வருகிறவருக்குக் கட்டியை எடுக்கலாமா என்று முடிவு செய்யப் பயன்படும். அந்தச் சிகிச்சை இல்லாத இடத்தில் அதை எடுப்பது வெறும் நேர விரயம்.

இங்கேயா, திருவனந்தபுரமா?

அவசரம் தீர்ந்த பிறகுதான் இந்தக் கேள்வி. டிஃப்யூஷன், ஃபிளேர், எம்ஆர் ஆஞ்சியோ, வீனோகிராம், எஸ்டபிள்யுஐ எல்லாம் திருநெல்வேலியிலேயே எடுக்கலாம். இதற்காக ஊர் தாண்ட வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்களில் கட்டணம் வெளியே கேட்பதைவிடக் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும்போதே காட்டிவிடுங்கள்.

வெஸல் வால் அப்படி அல்ல. மெஷின் இருந்தால் மட்டும் போதாது, அதைப் படித்துப் பழகிய நியூரோ ரேடியாலஜிஸ்ட் வேண்டும். முன்பதிவுக்கு முன் போனில் ரெண்டே கேள்வி கேளுங்கள்: 3 டெஸ்லாவா, வெஸல் வால் வழக்கமாக எடுப்பீர்களா? ரெண்டாவது கேள்விக்குத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். மதுரையும் திருவனந்தபுரமும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம், 150 கிலோமீட்டர் வாக்கில். சுவர் அழற்சி, இளவயது வாதம், பைபாஸ் தேவைப்படும் குழாய்ச் சுருக்கம் என்று சிக்கலானதற்கு நம் ஊர்க்காரர்கள் காலங்காலமாகத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குப் போகிறார்கள். மூளை, நரம்பு, ரத்தக்குழாய் மூன்றுக்கும் ஒரே கூரையின் கீழ் ஆள் இருப்பதுதான் காரணம்.

போகும்போது ஃபிலிமை மட்டும் சுருட்டிக்கொண்டு போகாதீர்கள். ஃபிலிமில் அச்சாவது எடுத்த படங்களில் கொஞ்சம்தான். முழுப் படமும் கம்ப்யூட்டரில் போடுகிற காம்பாக்ட் டிஸ்க் தட்டில்தான் இருக்கும். எடுத்த அன்றே கேட்டு வாங்கி, வீட்டு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தட்டு திறக்காமல் போய், அங்கே மறுபடி முழு எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருந்த குடும்பங்கள் உண்டு. ஸ்கேன் சீட்டில் 'எம்ஆர்ஐ பிரெயின்' என்று மட்டும் இருந்தால், எழுதிய மருத்துவரிடமே இன்னும் ரெண்டு வரி கேளுங்கள்: எந்தக் கை, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எதைச் சந்தேகிக்கிறார். அந்த ரெண்டு வரியைப் பார்த்துத்தான் நாங்கள் எந்தெந்தப் படம் எடுப்பது என்று முடிவு செய்கிறோம்.